சாவியில்லா நிர்வாகம்

அரூர் ஊரகப் பாதைகள் மற்றும் பாலங்கள் ஒருங்கிணைப்புக் கோட்ட அலுவலகத்தின் கண்காணிப்பாளர் கவுஸ் பாஷா விதிகளை மதிக்கிறவர். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் கை காட்டிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். அலுவலகக் கடிதம் எழுதுவதில் அவருக்கு இணை அந்த வட்டாரத்தில் கிடையாது. "மேற்படி பொருள் தொடர்பாக" என்று அவர் ஆரம்பித்தால் அந்தப் பொருளே எழுந்து கைகட்டி நிற்கும் என்று சொல்வார்கள்.

அன்று காலை அவர் கொஞ்சம் சொந்த ஆசையோடும் அலுவலகத்துக்குக் கிளம்பினார். தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம் கல்லேரிப்புதூர் என்று ஓர் ஊர். ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஓடை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் முழங்கால் தண்ணீர், சில நாள் இடுப்புத் தண்ணீர். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் அவர் மனைவி சாயிரா டீச்சர். பாலம் கேட்டு ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவெல்லாம் கவுஸ் பாஷாவின் அலுவலகத்துக்குத்தான் வரும். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதுகிறவரும் அவர்தான். அந்தப் பதிலைத் தண்ணீரில் நின்றுகொண்டு வாங்குகிறவர் அவருடைய சம்சாரம்.

எந்தப் புண்ணியமோ, இந்த வருஷம் பாலத்துக்குப் பணம் வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கோட்ட அலுவலர் அரசு வாகனத்தில் நேரில் போய் ஆய்வு செய்து, அன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் பணம் பக்கத்துக் கோட்டத்துக்குப் போய்விடும்.

"இன்னிக்காவது உங்க சார் வருவாருங்களா?" என்று சாயிரா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டார்.

"டூர் புரோகிராம்ல கையெழுத்தே ஆயிடுச்சு. பத்து மணியிலேர்ந்து சார் சுற்றுப்பயணத்துல இருக்காரு."

"இப்ப மணி ஏழுதானே ஆவுது?"

"அதான் சொல்றன். பத்து மணிக்கு இருப்பாரு."

கோட்ட அலுவலர் தமிழ்ச்செல்வன் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிரித்த முகம். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். புதுக் கார் வந்த பிறகு கொஞ்சம் மாறிவிட்டார், அவ்வளவுதான். பக்கத்துக் கோட்ட அலுவலருக்குச் சாவி போடாமலேயே கிளம்பும் கார் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு இவரும் எழுதிக் கேட்டு வாங்கினார். ஸ்மார்ட் கீயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டே போனால் போதும். கார் 'கீங்' என்று குரல் கொடுக்கும், விளக்கைச் சிமிட்டும், மடக்கி வைத்த இரண்டு கண்ணாடிகளையும் கைகூப்பிப் பிரிப்பது மாதிரி விரிக்கும். உள்ளே பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும்.

"பாருங்க பாய், நாம வர்றதைத் தெரிஞ்சுக்கிட்டு வணக்கம் வெக்குது. நம்ம ஆபீஸ்ல யாராச்சும் இப்படி எழுந்திருக்கறாங்களா?" என்று தமிழ்ச்செல்வன் கேட்டார்.

அதற்குப் பிறகு சாவி என்ற பொருளைப் பார்த்தாலே அவருக்கு அருவருப்பாகிவிட்டது. இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்த காவலாளியைப் பார்த்து, "இன்னும் எந்தக் காலத்துலய்யா இருக்கே?" என்றார். மறுவாரம் 'சாவியில்லா நிர்வாகம்' என்ற சுற்றறிக்கை வெளியானது. "மேற்படி கோட்ட வளாகத்தினுள் உலோகத்தாலான சாவி எவ்வகையிலும், எவராலும், எப்பொருளின் மீதும் பயன்படுத்தப்படலாகாது" என்ற வரி, கவுஸ் பாஷாவே ஒரு ராத்திரி தூங்காமல் செதுக்கியது. அந்த 'எவ்வகையிலும், எவராலும், எப்பொருளின் மீதும்' என்ற அடுக்கைத் தமிழ்ச்செல்வன் இரண்டு தடவை உரக்கப் படித்துப் பாராட்டினார்.

அலுவலகத்துச் சாவிகளையெல்லாம் திரட்டினார்கள். காரின் இரண்டாவது ஸ்மார்ட் கீயும், பெயரில் கீ இருந்த குற்றத்துக்காக, அதோடு சேர்ந்தது. எல்லாவற்றையும் அழுத்தி மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் ஓர் இரும்புப் பீரோவில் வைத்தார்கள். அந்தப் பீரோவின் சாவியும் உலோகச் சாவிதானே? அதையும் உள்ளேயே வைத்து அழுத்தி மூடினார்கள். தாழ்ப்பாளையும் பூட்டு வகையில் சேர்த்துக் கழற்றிவிட்டதால் கழிவறைக்குப் போனவர்கள் வெளியே வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி நிர்வாகம் நன்றாகவே நடந்தது.

சரி, அன்றைய கதைக்கு வருவோம்.

தமிழ்ச்செல்வன் மடிப்புக் கலையாத சட்டையில் வாசலுக்கு வந்தார். பின்னால் கவுஸ் பாஷா, அவருக்குப் பின்னால் டிரைவர் முருகேஷ். கார் அருகே போய்க் கொஞ்சம் நின்றார்கள். கீங் இல்லை. சிமிட்டல் இல்லை. கண்ணாடிகள் மடங்கியே இருந்தன.

தமிழ்ச்செல்வன் நான்கு அடி பின்னால் போய் மறுபடி வந்தார். செருமினார். கார் கல்லாக நின்றது.

"சாவில பேட்டரி காலிங்க சார்," என்றான் முருகேஷ். "ஒண்ணுமில்லைங்க. அந்த ஸ்மார்ட் கீக்குள்ளயே சின்னதா ஒரு இரும்புச் சாவி செருகியிருப்பாங்க. அதுல கதவைத் திறந்துட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, இந்தக் கீயை பட்டன் மேல ஒட்டினாப்பல வெச்சு அமுக்கினா ஸ்டார்ட் ஆயிடும்."

"அது எனக்குத் தெரியாதாய்யா?" என்றார் தமிழ்ச்செல்வன்.

தெரியாதவர் அங்கே யாருமே இல்லை. தட்டச்சர் பூவிழி கைப்பேசியில் அதற்கான வீடியோவை ஓடவிட்டுக் காட்டினாள். மனு கொடுக்க வந்திருந்த ஒருவர், தன் மச்சான் காருக்கு நல்லம்பள்ளி சந்தையில் இதே மாதிரி ஆனதைச் சொன்னார். டீ கொண்டுவந்தவர்கூட, "பட்டன் மேல வெச்சு அமுக்குங்க சார்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

தமிழ்ச்செல்வன் கவுஸ் பாஷாவைப் பார்த்தார். கவுஸ் பாஷா தரையைப் பார்த்தார்.

"அந்த உள்சாவி எதுல பண்ணது பாய்?"

"உலோகத்துலங்க சார்."

"சுற்றறிக்கையில ஏதாச்சும் சந்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க சார். எவ்வகையிலும், எவராலும், எப்பொருளின் மீதும்." சொல்லும்போது கவுஸ் பாஷாவுக்கு வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"பீரோல இருக்கற இன்னொரு கீ?"

"பீரோ சாவி பீரோக்குள்ள இருக்குதுங்க சார்."

சுற்றறிக்கையைத் திருத்தி ஒரு திருத்த ஆணை போடலாம் என்று முடிவாகி எல்லோரும் உள்ளே வந்தார்கள். கவுஸ் பாஷா வரைவைச் சொல்லச் சொல்லப் பூவிழி தட்டச்சு செய்தாள். கடைசி வரியில் நிமிர்ந்தாள். "டிஜிட்டல் கையெழுத்து போடணும் சார். டோக்கன் குடுங்க."

பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்து டோக்கனைத் தேடித் தமிழ்ச்செல்வன் சட்டைப் பை, கால்சட்டைப் பை, மேசை இழுப்பறை எல்லாம் பார்த்தார். பிறகு சன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"வண்டிக்குள்ள வெச்சுட்டன்."

ஆக, காரைத் திறக்க ஆணை வேண்டும். ஆணைக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் காரைத் திறக்க வேண்டும்.

கைப்பேசி அடித்தது. சாயிரா.

"என்னங்க, எங்க வர்றீங்க? பஞ்சாயத்துத் தலைவரம்மா மாலையெல்லாம் வாங்கிக்கிட்டு வந்து ஓடைகிட்ட நிக்கறாங்க. புள்ளைங்க வரவேற்புப் பாட்டை இப்பவே நாலு தடவை பாடிட்டுதுங்க. தொண்டை கட்டிக்கப் போவுது."

"கார் திறக்கலை சாயிரா. சாவியில பேட்டரி தீர்ந்துபோச்சு."

"பஸ்ல வாங்களேன்."

"ஆய்வுக்கு அரசு வாகனத்துலதான் வரணும்."

"வேற வண்டி வெச்சுக்கிட்டு வாங்க."

"வேற வண்டி கேட்டா நம்ம வண்டி பழுதுன்னு எழுதிக் குடுக்கணும். வண்டி பழுதில்லையே. சாவிதானே பழுது? சாவி வண்டியோட பாகமா, தனிச் சாமானான்னு இன்னும் தெளிவுரை வரலை."

"ஒரு பேட்டரி வாங்கிப் போட்டா என்ன?"

"மூணு கடையில விலைப்புள்ளி வாங்கணும்."

சாயிரா விடவில்லை.

"இங்க பொட்டிக்கடையில விக்கறாங்க. புள்ளைங்க வெளக்கு பொம்மைக்குப் போடறது. நான் வாங்கி வெக்கறன். எப்படியாச்சும் அந்த மனுசனை ஓடை வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. பணம் திரும்பிப் போயிடுச்சுன்னா நான் ஓய்வு பெறுற வரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுத்தான் போவணும்."

கவுஸ் பாஷாவுக்குச் சுருக்கென்றது. தன் வாழ்நாளில் எழுதிய அத்தனை கடிதங்களையும் மனசுக்குள் புரட்டினார். முகம் மெல்லத் தெளிந்தது.

"சார், அலுவலர் சுற்றுப்பயணத்துல இருக்கும்போது அவசர ஆணைகளைக் கண்காணிப்பாளர் பேனாவாலயே கையெழுத்துப் போட்டு வெளியிடலாம்னு விதி இருக்குதுங்க."

"நான் இங்கதானே இருக்கன் பாய்?"

"இல்லைங்க சார். டூர் புரோகிராம்படி பத்து மணியிலேர்ந்து நீங்க இங்க இல்லைங்க."

தமிழ்ச்செல்வன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து தாண்டியிருந்தது. தான் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒத்துழைத்தார்.

அலுவலர் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக்கூடாது என்று பூவிழி அதை நிறுத்தினாள். டீ வந்தது. சுற்றுப்பயணத்தில் இருப்பவருக்கு அலுவலகத்தில் டீ கொடுத்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று சொல்லிக் கவுஸ் பாஷா அந்த டீயைத் தானே குடித்தார். மனுக்காரர் எட்டிப் பார்த்து, "சார் இருக்காருங்களா?" என்றார்.

"டூர் போயிருக்காருன்னு சொல்லுங்க பாய்," என்றார் தமிழ்ச்செல்வன், நாற்காலியில் வியர்த்தபடி.

"டூர் போயிருக்காருங்க," என்றார் கவுஸ் பாஷா.

"எப்ப வருவாருங்க?" என்று மனுக்காரர் தமிழ்ச்செல்வனையே கேட்டார்.

"தெரியலையேப்பா. இருந்தா நானே பார்க்கணும்," என்றார் தமிழ்ச்செல்வன்.

ஆணை தயாராக மதியம் தாண்டிவிட்டது. "சாவிக்குள் உறையும் சாவியினைச் சாவி எனக் கருதாது, கதவு திறத்தற்குரிய உலோகத் துண்டு எனக் கருதி, பொதுநலன் பொருட்டு ஒரே ஒருமுறை மட்டும், முன்னுதாரணமாகக் கொள்ளப்படாத வகையில், பயன்படுத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது." கவுஸ் பாஷா, அதிகாரிகளுக்கே உரிய பச்சை மை ஊற்றிய பேனாவால் கையெழுத்திட்டார். பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுத்தைப் பார்த்துக் கண் கலங்கியது.

முருகேஷ் உலோகத் துண்டை உருவிக் கதவைத் திறந்தான். உடனே கார் திருடன் திருடன் என்பதுபோல ஊரையே கூட்டி அலறியது. ரோட்டில் போன வண்டிகள் நின்றன. இல்லாத அலுவலர் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தார். முருகேஷ் பிரேக்கை மிதித்தான். தமிழ்ச்செல்வன் செத்துப்போன கீயைப் பட்டன் மேல் வைத்து, விபூதி பூசுகிற பக்தியோடு அமுக்கினார். அலறல் நின்றது. வண்டி கிளம்பியது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கல்லேரிப்புதூர் ஓடைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அக்கரையில் ஊரே நின்றது. ஊராட்சித் தலைவர் தீர்த்தம்மாள் கையில் வாடிய மாலை. பிள்ளைகள் ஒன்றோடொன்று சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். நடுவே ஓடை, கலங்கல் தண்ணீரோடு, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்தால் அறிக்கையே வேண்டியதில்லை என்று கவுஸ் பாஷாவுக்குத் தோன்றியது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

சாயிரா இக்கரைக்கு வந்து காத்திருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பட்டன் மாதிரி இருந்த பேட்டரியைக் கணவரிடம் நீட்டினார்.

"அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாதே டீச்சர்?" என்றார் தமிழ்ச்செல்வன்.

"கடனாத்தான் சார் குடுக்கறன். எப்ப வேணா திருப்பிக் குடுங்க. மொதல்ல ஓடையைப் பாருங்க."

முருகேஷ் பேட்டரியை மாற்றினான். வண்டியை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். தமிழ்ச்செல்வன் கீயைப் பையில் போட்டுக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தார். நாலு அடி வைத்ததும் பின்னால் கார் தானே 'கீங்' என்று பூட்டிக்கொண்டு, கண்ணாடிகளை மடக்கியது. அவர் சந்தோஷத்தில் திரும்பி ஓர் அடி வைத்தார். கார் விழித்து, விளக்கைச் சிமிட்டி, கண்ணாடிகளை விரித்தது.

அக்கரையில் தூங்கி வழிந்த தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் பிள்ளைகள், "ஏய், கும்புடுதுடா!" என்று கத்தினார்கள்.

அவ்வளவுதான். பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். பின்னாலேயே பெற்றவர்கள். தீர்த்தம்மாள் மாலையைக் கழுத்தில் தானே போட்டுக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கிழவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஊர் மொத்தமும் இக்கரையில், காரைச் சுற்றி.

"இன்னொருக்கா கிட்ட வாங்க சார்!"

தமிழ்ச்செல்வன் போனார், வந்தார். போனார், வந்தார்.

"ஏனுங்க சார், யாரும் தொடாமயே திறக்குதுங்களா?" என்று தீர்த்தம்மாள் வாயில் கைவைத்தார். "எங்க பஞ்சாயத்தாபீஸ் கதவு எட்டி ஒதைச்சாத்தான் திறக்கும். இந்த மாதிரி ஒண்ணு எங்க ஊருக்கு வருமுங்களா?"

"பாலம், பாலம்," என்று சாயிரா அவர் காதருகே சொன்னார்.

"அதுவுந்தான்," என்றார் தீர்த்தம்மாள், காரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பும் வழியில் தமிழ்ச்செல்வன் அறிக்கையைச் சொன்னார். கவுஸ் பாஷா குறித்துக்கொண்டார். "ஆய்வின்போது பொதுமக்கள், முதியோர், குழந்தைகள் உட்பட, மேற்படி ஓடையை எவ்வித இடையூறுமின்றி மகிழ்ச்சியுடன் கடந்து வந்தமை நேரில் காணப்பட்டது."

கவுஸ் பாஷாவின் பேனா நின்றது. "சார், அவங்க காரைப் பார்க்கத்தானே…"

"கடந்தாங்களா இல்லையா?"

"கடந்தாங்க சார்."

"மகிழ்ச்சியா இருந்தாங்களா இல்லையா?"

"இருந்தாங்க சார்."

"நடக்காததை எழுதச் சொன்னா நீங்க என்னைக் கேக்கலாம் பாய்."

நடக்காததை அவர் எழுதச் சொல்லவில்லை. அதுதான் கவுஸ் பாஷாவை அடைத்தது. சாயிராவின் நனைந்த சேலை கண்ணில் வந்து போனது. வீட்டில் என்ன சொல்லப் போகிறோம் என்று நினைத்தார். ஆனால் கையிலிருந்த வாக்கியத்தில் 'மகிழ்ச்சியுடன்' தவறான இடத்தில் நின்றது. அதை 'எவ்வித' என்பதற்கு முன்னால் நகர்த்தினார். வாக்கியம் உடனே அழகாகிவிட்டது. அடுத்த வரி தானாகவே வந்தது: "பொதுமக்களின் உண்மையான கோரிக்கை, தானே திறக்கும் நவீன வசதி என்பது அவர்தம் வாய்மொழியாலேயே அறியப்பட்டது." சாயங்காலத்துக்குள் அறிக்கை போய்விட்டது. பணமும் திரும்பிப் போகவில்லை.

சாயிரா அவரோடு பேச நெடுநாள் ஆயிற்று. சோறு மட்டும் போட்டார்.

அடுத்த ஐப்பசிக்குள் வேலை முடிந்தது. கல்லேரிப்புதூர் ஓடையின் இரண்டு கரையிலும் தானியங்கி வரவேற்பு வாயில்கள். பளபளக்கும் எஃகு, மேலே சூரியத் தகடு, கிட்டே போனால் 'கீங்' என்று திறந்து ஆள் போனதும் மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. இரண்டு வாயிலுக்கும் நடுவே ஓடை, அன்றைக்கும் முழங்காலுக்கு மேல்.

திறப்பு விழா அன்று தமிழ்ச்செல்வன் முதல் ஆளாகப் போனார். கதவு திறந்தது. எதிரே தண்ணீரைப் பார்த்துவிட்டு அதே கதவு வழியாகத் திரும்பி வந்தார். பலத்த கரவொலி. பிறகு ஊர் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கதவைத் திறக்க வைத்துத் தண்ணீரில் இறங்கியது. வாயிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர் கிடையாது, வெறும் வெளிதான். வழக்கம்போல ஓரமாக நடந்த ஒருவரைத் தீர்த்தம்மாள் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, வாசல் வழியா போவ மாட்டியா? உனக்கோசரம்தானே கவர்மெண்டு இத்தனை செலவு பண்ணியிருக்குது?" அந்த ஆள் வெட்கப்பட்டு வரிசைக்கு வந்தார். பிறகு தீர்த்தம்மாள் கவுஸ் பாஷாவைத் தனியாக அழைத்து, மாடுகள் போக இதே மாதிரி அகலமாக இன்னொன்று வேண்டும், மனு எப்படி எழுதுவது என்று கேட்டார். கவுஸ் பாஷா அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

கடைசியாகச் சாயிரா வந்தார். பள்ளிக்கூடப் பையைத் தோளில் ஏற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விறைத்த முகத்தோடு வாயிலைச் சுற்றிக்கொண்டு போகத்தான் கால் வைத்தார். என்ன நினைத்தாரோ, நின்றார். திரும்பி வந்து கதவின் முன்னால் நின்றார்.

'கீங்.' கதவு விலகியது.

கவுஸ் பாஷா பயந்துகொண்டே பக்கத்தில் போனார். சாயிரா அவரைப் பார்த்தார். அத்தனை மாதம் கழித்து அந்த முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்னங்க," என்றார் மெதுவாக, "நான் போய் நின்னதும் தொறந்த கவர்மெண்டு கதவு இதாங்க மொதல்ல."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கவுஸ் பாஷா அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்.